புற ஊதா

தண்டர் பேயில் அன்று மைனஸ் இருபத்தாறு.
பிரெஸ்ஸான் வீட்டு பேஸ்மென்டில்
ஐந்து டாலர் ஸ்டிக்கர் ஒட்டிய பாஸ்தா மெஷினுக்கும்
பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கும் பின்னால்
அது நின்றது.

ஒரு சாண் உயரம். சுண்ணாம்பு வெள்ளை.
தோளில்லாத உடல், விரல் நுழையாத வாய்.
பூவில்லை, கொடியில்லை.
கழுத்தருகே மட்டும் ஒரு கறுப்புக் கோடு,
யாரோ எதையோ சொல்ல வாயெடுத்து
வேண்டாமென்று விட்டதுபோல.

கவிழ்த்துப் பார்த்தேன்.
மெருகு தொடாத அடிமண், பிஸ்கட் நிறம்;
அதில் ஆணியால் கீறிய
இத்தாலி, 4417.
அடுத்தவன் பார்க்குமுன் நிமிர்த்தி வைத்தேன்.
திருடனுக்கும் சேகரிப்பவனுக்கும்
கைநடுக்கம் ஒன்றுதான்.

லொரெடானா பிரெஸ்ஸான் கையுறையோடு வந்தாள்.
"அதுவா, நாற்பது.
ஐம்பத்தெட்டில் என் மனுசன்
மூன்று சட்டைக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது.
சட்டைகள் காகித ஆலையிலேயே கிழிந்து முடிந்தன."

முப்பது என்றேன்,
ஆயிரம் பெறுமென்று தெரிந்த அதே வாயால்.
முப்பத்தைந்தில் முடிந்தது.

திடீர்ச் சூட்டில் மெருகு வெடிக்கலாம் என்று
காரில் ஹீட்டரை அணைத்தேன்.
என் மப்ளர் அதற்கு. விரல்கள் பிழைத்துக்கொள்ளும்.

வசுமதி கேட்டாள்:
"இதுக்குள்ள தண்ணி நிக்குமே?"
"கசியும்."
"பூ?"
"காம்பு போகாது."
"பிறகென்னத்துக்கு?"
அந்தக் கேள்விக்கு அலமாரியில்
பதினேழு பதில்கள் இருந்தன,
எல்லாமே திறந்த வாயோடு.

இரவு விளக்கை அணைத்து
புற ஊதா டார்ச்சை அடித்தேன்.
பழைய மெருகு இருண்டு கிடக்கும்,
ஒட்டிய இடம் வெளிர்பச்சையாய் எரியும்.

எரிந்தது.
வாயைச் சுற்றி முழு வட்டம்,
அங்கிருந்து ஒரு கிளை இறங்கி
நேரே கறுப்புக் கோட்டுக்கு.

நான் வியந்த கோடு!
பசை காய்ந்த பிறகு
விரிசலின் மேல்
ஆலை வேலை முடிந்து வந்த ஒருவன்
சமையலறை மேசையில்
மூச்சை அடக்கி இழுத்தது.

"ஏமாந்திட்டீங்கள் என்ன?"
இருட்டில் வசுமதி சிரித்தாள்.
நீலமாய் ஒளிர்ந்த பல்வரிசையில்
ஒன்று மட்டும் ஒளிரவில்லை.
இருபத்திரண்டு வருடம் நான் அறியாத பல்.

எப்போது கட்டியது என்று கேட்கவில்லை.
பதினெட்டாவதை அலமாரியில் வைத்தேன்,
கோடு முன்னால் தெரிய.