நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

நாகப்பட்டினம், காடம்பாடி.
வனத்துறைப் படிவத்தோடு போயிருந்தேன்.
மதலேன் டீச்சர் பீரோவைத் திறந்து
துண்டில் சுற்றிய மாதாவை எடுத்து
மேசைத் தராசில் நிற்க வைத்தார்.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்,
குழந்தையையும் சேர்த்து.
அறுநூறு வயசாம், கப்பலில் வந்தவளாம்.

இடுப்பு ஒருபுறம் ஒசிந்திருந்தது.
பிள்ளையைச் சுமக்கிற சாய்வு என்றார் டீச்சர்.
இல்லை, தந்தத்தின் வளைவு.
உளிக்காரன் அதோடு சண்டை போடவில்லை,
அவ்வளவுதான்.

தலைகீழாகத் திருப்பினேன்.
பாதத்துக்கு அடியில் ஒரு துளை,
ஈர்க்குச்சி நுழையும்.
யானைக்கு வலி போய்வந்த வழி.

டீச்சர் எட்டிப் பார்த்தார்.
எதுவும் சொல்லாமல்
முந்தானை நுனியால் அதை ஒற்றினார்.

'உயிரினம்' கட்டத்தில் யானை என்று எழுதினேன்.
'உரிமையாளர்' கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.

வெளியே, கஜா சாய்த்த தென்னை
சாய்ந்தபடியே காய்த்திருந்தது.