எந்த வெள்ளம்

விடுதியில் முதல் ராத்திரி
"ஒரு கிளாஸ் வெள்ளம் தா" என்றேன்.
சேலத்துக்காரி ஜன்னலுக்கு ஓடித்
தெருவைப் பார்த்தாள்.
குடிப்பதும் எங்களுக்கு வெள்ளம்,
குளிப்பதும், மீன் கழுவுவதும் வெள்ளம்
என்று விளங்கவைக்க
ஒரு செமஸ்டர் ஆனது.

அப்பாவுக்கு விளங்கவே இல்லை.
ரப்பர் பால் ஒட்டிய விரல்களோடு கேட்டார்:
"தடயவியல்னா போலீசா?"
இல்லை.
"டாக்டரா?"
இல்லை.
"பின்ன கல்யாணக் கார்டுல
பேருக்குப் பொறவு என்னத்த அடிக்க?"

கடைசி ஆண்டு ஆய்வுக்கு முப்பத்தோரு பாட்டில்.
பேச்சிப்பாறை. பெருஞ்சாணி.
குழித்துறையில் தடுப்பணைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
தாமரை மூடிக் கிடந்த பத்துப்பதினைந்து குளங்கள்.
மணக்குடியில் ஆறும் கடலும்
ஒன்றின் வாயில் ஒன்று வாய் வைக்கும் இடம்.
குளச்சலில் டீசல் மினுங்கும் ஓரம்.
கண்டக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"என்னது இது?"
வெள்ளம்.
"அது தெரியுது. எதுக்கு?"
மார்த்தாண்டம் பாலம் இறங்கும்வரை யோசித்தும்
பஸ்சில் சொல்லத்தக்க பதில் வரவில்லை.

கண்ணாடிச் சட்டை போட்ட பாசி அது, டயாட்டம்.
குளத்துக்குக் குளம் சட்டையில் வேறு தையல்.
மூச்சோடு முங்குகிறவர் நெஞ்சுக்குள் போய்
ரத்தம் ஏறி
எலும்பின் நடுவில் போய்க் குடியிருக்கும்.
செத்தபின் போட்டால்
வாசலோடு நின்றுவிடும்.
இதைத்தான் படித்தேன், அண்ணாச்சி.

கூடப் படித்தவர்களில்
ஃபசீலா வங்கி ஒன்றுக்குக் கையெழுத்து பார்க்கிறாள்;
கணவன் எழுதும் மளிகைப் பட்டியலில்கூட
எங்கே பேனா தயங்கியது என்று சொல்லிவிடுவாளாம்.
ஸ்டெர்லின் திருவனந்தபுரத்தில்
உடைந்த போன்களுக்குள் அழித்த செய்திகளைத் தோண்டுகிறான்.
ரெஜின், இன்சூரன்சுக்காக, எரிந்த கடைகளில்
நெருப்பு முதலில் உட்கார்ந்த இடம் தேடி அலைகிறான்.
நான்கு முறை தேர்வெழுதிய அபிஷா
தக்கலை லேபில் சர்க்கரை பார்க்கிறாள்.
எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவள்.

எனக்கு நாகர்கோவில். ஒரு வேன், ஒரு பெட்டி,
கையுறை எப்போதும் ஒரு சைஸ் பெரிது.

ஆடி மாதம். திருவட்டாறு பக்கம் ஒரு குளம்.
ஜெபஷைனி, இருபத்தாறு.
புருஷன் வீட்டார் சொன்னார்கள்: சாடினா.
அண்ணன் சொன்னான்: கொண்டு போட்டிருக்கு.
இரண்டு வினைச்சொற்கள். நடுவில் ஒரு தொடை எலும்பு.
நைட்ரிக் அமிலத்தில் அது கரையக் கரைய
மஞ்சள் புகை விசிறிக்குள் ஏறிப் போனது.
இருபது ஸ்லைடு பார்த்தேன்.
கண்ணை மாற்றி மறுபடி இருபது.
ஒரு சட்டைகூட இல்லை.

இல்லை என்பதால்
சாடவில்லை என்று ஆகாது.
மூச்சோடு முங்கியவர் எலும்பும்
சிலநேரம் வெறுமையாய் இருக்கும்.
புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருந்த வரி
அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"அப்போ போட்டதுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.
டயாட்டம் காணப்படவில்லை, சார்.
"அப்போ சாடலைன்னு எழுதலாமே?"
டயாட்டம் காணப்படவில்லை.
கூண்டில் வக்கீல் கேட்டார்:
"அதாவது, உங்களால் சொல்ல இயலாது?"
இயலாது.
அந்த ஒரு சொல்லைத் தட்டச்சர்
இரண்டு முறை கேட்டு அடித்தார்.

வெளியே, பைக்குகள் நிற்கும் நிழலில்
அவளுடைய அம்மா.
பெயர் கிளாடிஸ் என்று சம்மனில் பார்த்திருக்கிறேன்.
என் கையைப் பிடிக்கவில்லை, அழவும் இல்லை.
"நீதானே மோளே பாத்தது?
எம்பிள்ள வெள்ளம் குடிச்சாளா?"

தெரியாது அம்மா.

கொஞ்சநேரம் என் செருப்பையே பார்த்திருந்துவிட்டு
பைக்குள் கைவிட்டு
பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்தாள்.
"வெயிலா இருக்கு. வெள்ளம் வேணுமா?"

வாங்கிக் குடித்தேன்.
கிணற்று வெள்ளம்.
லேசாக இரும்பு.