கடன் நோட்டு

நவம்பர். பகல் முழுக்க நாற்பது டிகிரி.
கோதுமை வயல்களுக்கு அப்பால், மேற்கே,
வானம் கரியைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தது.
ஆறு மணிக்கு மருந்துக்கடையைப் பூட்டிச்
சாவியைப் பைக்குள் போடும்போது
மழைக்கு முன்னால் வரும் காற்று வந்தது.
பிரிம்பூலில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து
அதற்கு முகத்தைக் கொடுத்தார்கள்.
நானும்தான்.

ரைப்புல்லின் மகரந்தம்
முழுசாக இருக்கும்வரை மூக்கோடு நின்றுவிடும்,
ஒரு தும்மலில் போய்விடும்.
மேகத்தின் ஈரம் குடித்தால் உப்பி வெடிக்கும்.
வெடித்த துகள்களுக்கு
நுரையீரலின் கடைசிச் சந்துவரை வழி தெரியும்.
கல்லூரியில் படித்தது.
பரீட்சையில் கேட்கவில்லை.

முதலில் வந்தது டெஸ் கில்ஹூலி,
ஆட்டு ரோமம் கத்தரிப்பவர், கதவை அடைக்கும் தோள்.
கண்ணாடியைத் தட்டினார். பேசவில்லை.
பேச அவரிடம் காற்று இல்லை.
"ஆஸ்துமா எத்தனை வருஷமா?"
தலையாட்டினார்: கிடையாது.
வசந்தம் வந்தால் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான்.

நீல இன்ஹேலர். குலுக்கு.
ஒரு அழுத்து, நான்கு மூச்சு.
இன்னொரு அழுத்து, நான்கு மூச்சு.
அப்படி நான்கு.
பிறகு நான்கு நிமிடம் காத்திரு.

அந்த நிமிடங்களில் உள்ளே நடப்பது எனக்குத் தெரியும்.
இந்த மருந்து காற்றைக் கொண்டுவருவதில்லை.
மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையிடம்
"விடு" என்கிறது.
தசை விடலாம். விடாமலும் இருக்கலாம்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்,
அவர் என்னைப் பார்த்தார்.

அவர் தோள் இறங்குவதற்குள்
வாசலில் பதினோரு பேர்.
எட்டு மணிக்கு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
வாத்துப் பண்ணையின் மாலை ஷிப்ட் முழுவதும்,
கால்பந்து சீருடையோடு இரண்டு பையன்கள்,
பாதிரியார்.
எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.
எல்லோரும் மூச்சு வாங்க வந்தார்கள்.
ஆம்புலன்ஸ் எண்ணில் ஒரு பெண்குரல்
வரிசை நீளம் என்றது, மன்னிக்கச் சொன்னது.

ஸ்பேசர் தீர்ந்தது.
காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டோம்.
இன்ஹேலர் தீர்ந்தது.
நாவ் எஹ் பாவ் வீட்டுக்கு ஓடித்
தன் மகனுடையதைக் கொண்டுவந்தாள்.
அதன் சின்னச் சன்னலில் 031.
அந்த இரவு எனக்கு நினைவிருப்பது
முகங்களாக அல்ல,
027, 023, 019.

ஐவர் பாஸ்கோ தன் நெபுலைசரைத்
தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.
பத்தடிக்கு ஒருமுறை நின்று.
தானிய சைலோவின் தூசியில் நாற்பது வருஷம்,
அதற்கு மேல் சிகரெட்;
அவர் நுரையீரலில் அடைப்பு நிரந்தரக் குடித்தனம்.
ஊரே மிரண்டிருந்தபோது
மிரளாதவர் அவர் ஒருவர்தான்.
"உங்களுக்கு இன்னிக்கு," என்றார்,
நிறுத்தி, மூச்சைத் தேடி எடுத்து,
"எனக்கு எல்லா செவ்வாயும்."
சிரிக்க முடிந்தவர்கள் சிரித்தார்கள்.
சிரிப்பு இருமலாகி
இன்னும் இரண்டு பேரை வரிசையில் சேர்த்தது.

பத்தரைக்கு மழை வந்தது.
காற்றைக் கழுவியது. தாமதமாக.

அப்போதுதான் ஐவர் என் வாக்கியங்களை எண்ணியிருக்கிறார்.
ஆறு சொல்லில் பேசியவள்
மூன்றில் நிறுத்தினேன்,
பிறகு ஒன்றில்.
"உட்கார்," என்றார்.
சன்னலில் 004.

நான்கு அழுத்து. 000.
அதே எண்ணைத்தான் மாலையிலிருந்து
போனில் அழுத்திக்கொண்டிருந்தேன்.
நான்கு நிமிடம்
எவ்வளவு பெரிய அறை என்று அன்று பார்த்தேன்.
ஒரு மூலையில் மழை,
மறு மூலையில் நான்.

ஆம்புலன்ஸ் பதினொன்றே காலுக்கு வந்தது.
மூன்று பேரை ஏற்றிக்கொண்டது.
இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.
பாதிரியாரின் நாய் இப்போது
நாவ் எஹ் பாவ் வீட்டில் வளர்கிறது.

கணக்கு முடிக்க நோட்டைத் திறந்தேன்.
யாரும் காசு கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.
ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்,
இந்த ஊரின் வழக்கம் அது.
எல்லாக் கையெழுத்தும் நடுங்குகிறது.
அம்மருந்து மார்பைத் திறக்கும்போது
விரல்களை உதறவைக்கும்.
ஆட்டைக் காயப்படுத்தாமல் கத்தரிக்கும் டெஸ்ஸின் கைகூட
நில அதிர்வு போலக் கிறுக்கியிருக்கிறது.

கடைசி வரியில் என் பெயர்.
அதைப் படிக்கவே முடியவில்லை.