அறுபது வாட்

மேட்டுப்பாளையம் சந்தையில் பார்த்தபோது
பஞ்சுமிட்டாய் என்றுதான் நினைத்தேன்.
"பட்டுக்கோழி சார், சில்க்கி.
பறக்காது, சண்டைக்கு நிற்காது, ஆளை நம்பும்."
அட்டைப்பெட்டியில் ஐந்து.
கோத்தகிரி பஸ்ஸில் மடியில் வைத்து மலையேறினேன்.
ஒவ்வொரு வளைவிலும்
ஐந்தும் ஒரே பக்கம் சரிந்து
ஒரே குரலில் என்னைத் திட்டின.

கட்டபெட்டு குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆள் நான்.
மின்வாரியத்தில் லைன்மேன்.
கோழி என்றால் குழம்பு, அதற்குமேல் தெரியாது.
மயிரை ஊதிப் பார்த்தேன்:
உள்ளே தோல் கருநீலம், மை கொட்டினாற்போல்.
நோயென்று பயந்து
பெட்டியோடு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.
டாக்டரம்மா சிரிக்கவில்லை.
"எலும்பும் கறுப்புதான். காலுக்கு ஐந்து விரல், எண்ணிக்கோங்க.
குளிர் மட்டும் ஆகாது.
முதல் வாரம் முப்பத்தைந்து டிகிரி."

கட்டபெட்டில் முப்பத்தைந்து டிகிரி
மே மாதத்திலேயே கிடையாது.
ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன்.
ஒண்டினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு.
ஒரு சாண் ஏற்றி, நாலு விரல் இறக்கி
ராத்திரி முழுக்க.
பதினோராயிரம் வோல்ட் கம்பியோடு பழகிய கை
அறுபது வாட்டுக்கு நடுங்கியது.

மூன்றாம் நாள் மதியம் வந்து பார்த்தால்
ஐந்தும் கழுத்தை நீட்டி, சிறகைப் பரப்பி
தரையோடு தரையாய்க் கிடந்தன.
தொண்டை அடைக்க ஒன்றைத் தொட்டேன்.
ஐந்தும் எழுந்து தீனி கேட்டன.
இப்படித்தான் தூங்குமாம்.
யாரும் சொல்லவில்லை.

பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்தால்
வெந்நீரில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும்.
துடைத்தேன். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு.
ஆரோக்கியம் பார்த்துவிட்டு
ஆபீஸ் முழுக்கச் சொன்னான்.

ஐப்பசிக் காற்றில்
சில்வர் ஓக் ஒன்று லைன்மேல் சாய்ந்து
சரிவு மொத்தமும் இருண்டது.
போன் வந்தது.
பெட்டிக்குள் பழைய ஸ்வெட்டர், வெந்நீர் பாட்டில்.
அந்தச் சூடு எவ்வளவு நேரம் தாங்கும் என்று
எனக்குத் தெரியும்.
தெரிந்தேதான் போனேன்.
மழையில், கம்பத்தில், மூன்று மணி நேரம்.
கீழே ஆரோக்கியம் டார்ச் அடித்தான்.
யாரோ ஜன்னலைத் திறந்து
"இன்னும் எவ்வளவு நேரம்யா?" என்று கத்தினார்.
நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
எல்லா ஜன்னலிலும்.
என் ஜன்னலிலும்.
பெட்டியில்
நான்கு பல்புக்குக் கீழே நெருங்கி நின்றன.
ஒன்று ஓரமாய், கழுத்தை நீட்டி, சிறகைப் பரப்பி.
தூங்குகிறது என்று
வெகுநேரம் தொடாமலே இருந்தேன்.

மிச்சம் நான்கில் மூன்று சேவல்.
வெள்ளையம்மா என்று பெயர் வைத்திருந்தது
சித்திரையில் ஒரு விடிகாலை கூவியது.
பெயரை மாற்றவில்லை.

ஒரே பெட்டை.
அது இட்டதையெல்லாம் நான் ஆம்லெட் போட்டுத் தின்ன,
ஆடியில்
பக்கத்துத் தோட்டத்துப் போஜன் தந்த மூட்டையிலிருந்து
உருண்டுபோன உருளைக்கிழங்கின்மேல்
அடை உட்கார்ந்தது.
தூக்கி வெளியே விட்டால் திரும்பப் போய் உட்காரும்.
கொத்தாது. முறைக்கும்.
சரி, இருபத்தொரு நாள் என்று விட்டேன்.

இருபத்திரண்டாம் நாள்
வயிற்றுக்கடியில் கைவிட்டுத் துழாவினேன்.
கிழங்கு சூடாக இருந்தது.
முளை விட்டிருந்தது.