ழகரம்

செக்கானூரணிப் பள்ளி, ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
ஜன்னலுக்குப் போர்வை கட்டி
இருட்டாக்கியாயிற்று.

புரொஜெக்டர் வெளிச்சத்தில்
யாருடையதோ ஒரு நாக்கு
சுவரளவு பெரிதாக
மேலண்ணம் நோக்கி வளைகிறது.
வாய் பிளந்து
தத்தம் நாக்கைத் தேடுகிறார்கள் பிள்ளைகள்.

பிறகு ஒவ்வொருவராகப் போனில் பதிந்தேன்.
ஸ்பீக்கரில் போட்டால்
வாளப்பளம், கோளிக்குஞ்சு,
நடுவில் உசிலம்பட்டி பஸ்ஸின் ஹாரன்.
"இது நான் இல்ல சார்"
என்று சாதிக்கிறான் ஒச்சப்பன்.

கடைசி பெஞ்சில் தவப்பிரியா கை தூக்கினாள்.
"இன்னொருக்கா போடுங்க சார்.
அவன் பேசுனது இல்ல,
மொதல்ல நீங்க பேசுனது."

போட்டேன்.
என் குரலேதான், கொஞ்சம் மூக்கடைப்போடு:
"எல்லாரும் கவனிங்க.
இன்னைக்கு நாம
பாக்கப்போற எளுத்து..."

தினமும் பதினொரு மணிக்குப் போகிற கரண்ட்
அன்றைக்கென்று போகவில்லை.