கல்லைத் திரும்ப எடுத்தல்

ஒன்று நாற்பதுக்குக் கோல் வந்தது.
கோமாரிக்கு இப்பால், மதகு தாண்டி,
மீன் லொறி, பின் வலது சில்லு.
இடது என்றிருந்தால்
தேத்தண்ணியைக் குடித்து முடித்திருப்பேன்.
வலது என்றால் ரோட்டுப் பக்கம்.
வருகிற வாகனத்துக்கெல்லாம்
முதுகைக் கொடுத்துக் குந்த வேண்டிய பக்கம்.

அஜ்வத் எங்கள் வேனை
லொறிக்குப் பின்னால் நாற்பது கவடு விட்டு நிறுத்தினான்,
முன்சில்லு இரண்டையும் பற்றைப் பக்கம் ஒடித்து.
யாரும் வந்து இடித்தால்
வேன் பற்றைக்குள் போகட்டும்,
எங்கள் மேல் வரவேண்டாம்.
இதை அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.
போன கச்சான் காலத்தில், தாண்டியடியில்,
கிருபைராசாவின் கால் சொன்னது.

கோன் மூன்று வைத்தோம்.
நாலாவதைச் சங்கமன்கண்டியில் யானை மிதித்தது.
கொம்பனி இன்னும் நம்பவில்லை.

சாரதி சீலன் நாங்கள் வருமுன்னே
ஜக் போட்டிருந்தான்.
நட்டுக் கழற்றவில்லை, நல்ல காலம்.
கறுத்தச் சட்டை, கறுத்தச் சாரம், கறுத்த ரோடு.
போனைப் பல்லுக்கிடையில் கடித்திருந்தான்.
அந்த வெளிச்சத்தில் அவனென்று தெரிந்தது
வாய் மட்டும்தான்.

"ஐஸ் உருகுது அண்ணன், கெதியாப் பாருங்க.
கல்முனைக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும்."
பெட்டிக்குக் கீழே
மீன்தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.
அவசரத்துக்கு ஒரு மணம் இருக்கிறது,
அன்றைக்கு அது சூரை மணம்.

எழும்பு என்றேன்.
எழும்பவில்லை.
பொத்துவில் பக்கமிருந்து பஸ்ஸொன்று.
முதலில் வெளிச்சம் வந்தது,
பிறகு சத்தம்,
எல்லாம் போன பிறகு காற்று.
ஜக்கின் மேல் லொறி
ஒருமுறை மூச்சு விட்டு அமர்ந்தது.
சாரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி
சீலன் எழும்பினான்.
போன் தாரில் கிடந்து வானத்துக்கு ரோச் அடித்தது.

ஜக்கை இறக்கு.
வெறும் சில்லோடே உருட்டு,
முந்நூறு மீற்றரில் மணல்வெளி,
மாடு படுக்கிற இடம்.
"ரிம் போயிருமே அண்ணன்."
ரிம் அக்கரைப்பற்றில் விற்கிறார்கள்.

தடதடவென்று போய்ச் சேர்ந்தோம்.
மாடுகள் எழும்பிப் பார்த்து
எங்களுக்கு இடம் விட்டன, மனமில்லாமல்.
வெள்ளிப்பட்டி வைத்த மேலங்கியொன்றைச்
சீலனுக்குப் போட்டுவிட்டேன்.
"மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று சிரித்தான்.
அஜ்வத் நட்டுக்களோடு மல்லுக்கட்ட
நான் ரோட்டைப் பார்த்து நின்றேன்,
கண் எடுக்காமல்,
விசில் உதட்டில்.
"நீங்க சும்மா நிக்கிறீங்களே அண்ணன்?"
ஓம், சும்மாதான்.

இருபது நிமிடம்.
காசு தந்தான், இரண்டு சூரையும் தரப் பார்த்தான்,
கோர்ன் அடித்துப் போனான்.

எல்லோரும் இப்படித்தான் போவார்கள்.
பழைய இடத்தில்
சில்லுக்கு அண்டை கொடுத்த கல்
ரோட்டிலேயே கிடக்கும்,
எச்சரிக்கைக்கு முறித்துப் போட்ட வேப்பங்குழையும்.
லொறி போய்விட்டதென்று
கல்லுக்குத் தெரியாது.
நாலரைக்கு ஒரு மோட்டார்சைக்கிள் வரும்,
வலைக்குப் போகிறவன்,
பின்னால் மச்சானையும் ஏற்றிக்கொண்டு,
லைட் ஒழுங்காய் எரியாமல்.

ஆகவே திரும்ப நடந்தேன்,
ஓரத்தால், வாகனங்களுக்கு முகம் காட்டி.
இந்த வேலையில் எனக்குப் பயம் வருவது
இந்த நடையில்தான்.
வேலை முடிந்துவிட்டதென்று உடம்பு நினைக்கும்.
கண் கொட்டாவி விடும்.
மதகடியில் நின்று
இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன்,
கண்ணை மூடிக் காதால் ஒருதரம் பார்த்தேன்.
கடல் மட்டும் இரைந்தது.

குழையை இழுத்துப் பற்றைக்குள் எறிந்தேன்.
கல்லைத் தூக்கினேன்.
தேங்காயளவு, மீன்தண்ணியில் ஊறி
வழுக்கிக்கொண்டு.

வீட்டில் மதிலோரம் இப்படி இருபத்தாறு.
தவமலர் சிலதை எடுத்துக்
கோழிக்கூட்டைச் சரிவில்லாமல் நிமிர்த்தியிருக்கிறாள்.
இரவு எப்படி என்று கேட்க மாட்டாள்.
புதுக் கல்லைக் கண்டால்
கேத்தலை அடுப்பில் வைப்பாள்.

இன்றைக்குச் சீனி கூடிப்போயிற்று.
நான் சொல்லவில்லை.