நாலரைப் படகு

பதினொரு ஆண்டுகளாக இந்தக் கரையில்தான்
விருந்தாளிகளை இறக்கிவிடுகிறார்.
சனூர் துறை, காலை ஏழே முக்கால்.
அவருக்குத் தெரிந்த பெனிடா தீவு
எதிரே நீலமாய் ஒரு மேடு,
மாலை நாலரைக்குத் திரும்பும் ஒரு படகு,
வெயிலில் சிவந்து இறங்கும் கழுத்துகள்.

இன்று நாங்களே போகிறோம்.
நான், மெர்த்தி, ஏழு வயதுக் கொமாங்,
முதல்முறை தனக்கென்று சீட்டு வாங்கிய சுவார்பாவா.
உள்ளூர்க்காரர் விலைதான்.
ஆனாலும் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

அலை தூக்கிப் போட்டபோது
எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள்,
நான் மடியிலிருந்த குருத்தோலைத் தட்டுகளைப் பிடித்தேன்.
ஒரு சாமந்தி மட்டும் தப்பித்து
யாரோ ஒரு வெள்ளைக்காரரின் செருப்பில் உட்கார்ந்தது.
என்ன செய்வதென்று தெரியாமல்
அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.
சரியாகத்தான் செய்தார்.

தீவில் எங்களுக்கென ஒரு வண்டி.
மீசை அரும்பும் பையன், பெயர் ரென்தா,
கதவைத் திறந்து, "ஏறுங்க ஐயா" என்றான்.
இவர் நின்றுவிட்டார்.
சட்டை மடிப்பைத் தடவினார்.
பிறகு ஏறி, பாதி வழியும்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.
"கியரைக் குறை, கியரைக் குறை"
வாய்க்குள்தான். எனக்குக் கேட்டது.

கெலிங்கிங் முனையில் கடல்
விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு நான் போடும் நீலத்தில்
பத்துச் சொட்டு கூடுதல்.
படமெடுக்க வரிசை.
மெர்த்தி கூந்தலை அவிழ்த்து, கட்டி, மறுபடி அவிழ்த்து.
எங்கள் முறை வந்தபோது இவரைக் காணோம்.

எனக்குத் தெரியாதா.
வண்டி நிறுத்துமிடம், ஒரு மரத்து நிழல்,
குந்தியிருக்கும் ஏழெட்டு ஓட்டுநர்கள், நடுவில் இவர்,
காகிதக் குவளையில் காப்பி, டயர் விலைப் பேச்சு.
எத்தனை அருவிக்கு, எத்தனை மலைக்கு
யார் யாரையோ கொண்டுபோய் விட்டவர்
எல்லா ஊரிலும் பார்த்தது இந்த நிழலைத்தான்.

கொமாங் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.
விளிம்பில் நின்றார்.
சற்று நேரம் தன் செருப்பையே பார்த்தார்.
பிறகு கீழே.
"இதுக்குத்தானா அவங்க அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்க"

கிரி புத்ரி கோயிலுக்கு வாசல் என்று சொல்வதற்கில்லை.
பாறையில் ஓர் ஓட்டை.
"பூனைக்குச் செஞ்சது" என்றான் கொமாங்.
இடுப்புத் துணி, மஞ்சள் கச்சை, பூத்தட்டு
எல்லாவற்றோடும் தவழ்ந்தால்தான் உள்ளே.
எங்களுக்கு முன்னால் போன அதிகாரி,
படிகளில் யாருக்கும் வழி விடாதவர்,
அவரும் நாலு காலில்தான்.
பதினொரு ஆண்டு இருக்கையில் உட்கார்ந்த முதுகு
வாய்விட்டு "ஆ" என்றது.
அவர் குதிகால்களைப் பார்த்தபடி நான் பின்னால்.
வெடித்த குதிகால்கள்.
வீட்டில் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

பிறகு திறந்தது.
மலைக்குள் இவ்வளவு இடமா.
வௌவால், ஊதுபத்தி, ஈரமண்,
வெள்ளையுடுத்தி அமர்ந்திருந்த நூறு பேர்,
பூசாரியின் சின்ன மணி.
தீர்த்தம் தலையில், உள்ளங்கையில், முகத்தில்.
ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொண்டோம்.
இவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

என்ன கேட்டீர்கள் என்றேன்.
வண்டிக் கடனாக இருக்கும், மெர்த்தியின் படிப்பாக இருக்கும்.
"அந்தப் பையன் சாப்பிட்டானான்னு நினைச்சேன்."
இறங்கியதும் சோற்றுப் பொட்டலம் ஐந்து வாங்கினார்.

நாலரைப் படகு, இந்த முறை உள்ளேயிருந்து.
சனூரில் பெயர்ப்பலகையோடு நின்றவர்களில்
பாதிப்பேர் அவர் நண்பர்கள்.
"என்னப்பா, விருந்தாளியா?"
இவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். எரிந்தது.

மணல் காலோடு எங்கள் வண்டி.
கண்ணாடியைச் சரிசெய்து, அதில் என்னைப் பார்த்து
அந்த வேலைக் குரலில் கேட்டார்,
"இன்றைய பயணம் எப்படி இருந்தது?"
பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.
அவர் நெற்றியில் இன்னும் மூன்று அரிசி.
"ஓட்டுநர் நல்லவர்" என்றேன்.
"எந்த ஓட்டுநர்?" என்றார்
கியரை மாற்றிக்கொண்டே.